‘படி’ சொன்னால் பாத்திரம்

எங்கள் அத்தான், அதாவது என் அக்காவின் கணவர், லிஃப்ட் மெக்கானிக். எதையும் பிடித்தால் உடும்புப்பிடிதான். முன்பெல்லாம் அந்தப் பிடி மகளின் படிப்பின்மேல் இருந்தது. வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே, "படிச்சியாம்மா?" என்பார். அக்காவாவது சாப்பிட்டாயா என்று கேட்பாள் என்றால், அதுவும் "சாப்பிட்டுப் படி" என்றுதான் முடியும்.

நன்றாக மார்க் வாங்கிய பெண். பத்தாம் வகுப்பில் முதலில் தூக்கம் போனது, பிறகு பசி போனது, கடைசியில் மார்க் போனது. வீட்டில் எல்லோர் கண்ணுக்கும் கடைசியில் போனதுதான் முதலில் தெரிந்தது. கணக்குப் பரீட்சையன்று குளியலறையில் தாழ்போட்டுக்கொண்டாள். கதவைப் பெயர்த்துப் பார்த்தால், கைகால் நடுங்க, மூச்சு வாங்கத் தரையில் உட்கார்ந்திருந்தாள். அக்காவும் நானும் அவளைத் தூக்கி வந்து படுக்கவைத்தோம்.

மனநல டாக்டர் பொறுமையாகச் சொன்னார்: "பதற்றம் நோயா மாறியிருக்கு. சரியாயிடும். வாராவாரம் கூட்டிட்டு வாங்க. தூக்கம், சாப்பாடு, சிரிப்பு முதல்ல திரும்பட்டும். படிப்பு பின்னாடியே வரும். கொஞ்ச நாளைக்கு வீட்டுல அந்தப் பேச்சே வேண்டாம்."

அன்று மாலையே அத்தான் தீர்ப்பு வழங்கினார். "இனிமே இந்த வீட்டுல ‘படி’ன்னு யார் சொன்னாலும், அன்னிக்கு அவங்கதான் பாத்திரம் கழுவணும்."

"வருஷம் வீணாப் போயிடாதா?" என்றாள் அக்கா.

"லிஃப்ட்ல அளவுக்கு மீறி ஆள் ஏறினா கதவே மூடாது. பட்டனைக் குத்தி என்ன பண்றது? பாரத்தை இறக்கணும். எப்படியும் இறக்குவேன்."

மூலையில் சுருண்டிருந்தவள் தலையைத் தூக்கினாள். "அப்பா, ‘எப்படி’லயும் ‘படி’ இருக்கு."

"எப்படி?" என்றார் அத்தான்.

"ரெண்டு தடவை!" என்று சிரித்துவிட்டாள். நாங்கள் மறந்தே போயிருந்த சிரிப்பு. அத்தான் சட்டைக் கையை மடித்துக்கொண்டு பாத்திரம் கழுவப் போனார்.

தமிழில் வாயைத் திறந்தாலே படிதான். அப்படி, இப்படி, தள்ளுபடி. மாடிப்படியை அவர் ‘ஏறுற இடம்’ என்றார். விசாரிக்க வந்த எங்கள் பெரியப்பா, "பொண்ணு எப்படிப் படிக்கிறா?" என்று கேட்டு வசமாக மாட்டினார். வயதில் பெரியவர் என்றெல்லாம் அத்தான் பார்க்கவில்லை. கைக்கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிட்டு எல்லாப் பாத்திரத்தையும் கழுவிய பிறகுதான் பெரியப்பா வீட்டுக்குப் போனார்.

சறுக்கல்களும் இருந்தன. சில நாள் பள்ளி வாசல்வரை போய், முகம் வெளுத்து நின்றாள். அத்தான் ஒன்றும் கேட்காமல் பைக்கைத் திருப்பினார். மறுநாள் மறுபடியும் கிளப்பினார். ஒருநாள் உள்ளே போனாள். தூக்கம் வந்தது. தட்டை நீட்டி இன்னும் கொஞ்சம் சோறு கேட்டாள். அக்கா அன்று சமையலறையில் சாமான்களை உருட்டிக்கொண்டே அழுதாள்.

முழுப்பரீட்சை நெருங்கிய ஒரு மாலையில், மகள் டிவிக்கு முன்னால் வந்து நின்றாள்.

"அப்பா, சத்தத்தைக் குறைங்க. நான் படிக்கணும்."

அக்கா என் கையை இறுகப் பிடித்தாள். அத்தான் டிவியையே அணைத்துவிட்டார். ஆனாலும் அந்த மனிதர் பிடியை விடவில்லை.

"அப்போ இன்னிக்குப் பாத்திரம் யாரு?"

"நான்தான்" என்று சட்டைக் கையை மடித்துக்கொண்டாள். அவள் கழுவிக் கழுவிக் கொடுக்க, அத்தான் தன் கண்ணைத் துடைக்காமல் தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.