பியூலா அக்காவுக்கு அனுப்பாத போட்டோ

பியூலா அக்கா இறந்துவிட்டார்.

காலையில் ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பைத் திறந்தால் இரண்டு குட்மார்னிங் ரோஜாப்பூ, அதற்கு நடுவில் இந்தச் செய்தி. கோவையில், மகள் வீட்டில்... நேற்று சாயங்காலம். அடக்கமும் அங்கேயே என்று போட்டிருந்தார்கள்.

எல்லாரும் கைகூப்பும் படம் போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். எனக்குத்தான் முடியவில்லை. வீட்டில் சொல்லி அழவும் ஆள் இல்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்கு... பாளையங்கோட்டையில் நான் வேலை பார்க்கும் ஆபீஸில் அக்கா பதினோரு வருஷம் எனக்குப் பக்கத்து மேஜை. என்னைவிட மூன்று வயது மூத்தவர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ரிட்டயர் ஆனார்.

எங்கள் இரண்டு மேஜைக்கும் நடுவில் ஒரு ஜன்னல். ஜன்னலில் ஒரு தொட்டி, அதில் அகேவ் என்கிற செடி. நம் ஊர் ரயில் கத்தாழைக்குத் தங்கச்சி என்று வைத்துக்கொள்ளுங்கள். சாம்பல் பூத்த நீல இலை, ஓரமெல்லாம் முள், நுனியில் ஊசி.

அவருடைய சர்ச்சில் அறுப்பின் பண்டிகைக்குக் காணிக்கையாக வந்ததை ஏலம் விட்டபோது எடுத்தது. பூசணிக்காய்க்கும் நாட்டுக்கோழிக்கும் போட்டி போட்ட சனம் இந்தத் தொட்டியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லையாம். "யாருமே கேக்கல தம்பி. பாவமா இருந்துச்சு, நான் கேட்டுட்டேன்" என்றார்.

ஒரு ஆயுதபூஜைக்கு டெஸ்பாட்ச் அண்ணாச்சி அதை வேரோடு பிடுங்கி, திருஷ்டிக்காக ஆபீஸ் வாசலில் தலைகீழாகக் கட்டப் பார்த்தார். கத்தாழை என்றால் கட்டித் தொங்கவிடத்தானே! அக்கா ஓடிவந்து தொட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"அண்ணாச்சி, வேணும்னா என்னையத் தொங்கவிடுங்க. இதைத் தொடாதிய. வெயிலு பட வேண்டிய செடி, வாசல் இருட்டுல கெடந்து என்ன செய்யும்?"

அண்ணாச்சி பூசணிக்காயோடு திருப்திப்பட்டுக்கொண்டார்.

எங்கள் செக்‌ஷனில் வெளிச்சம் என்றால் டியூப்லைட்தான். பத்து மணிக்கு மேல் ஃபைல் பறக்கும் என்று ஜன்னலைச் சாத்திவிடுவார்கள். அதனால் அக்கா ஒன்பது மணிக்கே சிட்டி பஸ்ஸில் வந்து ஜன்னலைத் திறந்து செடிக்குக் காலை வெயில் காட்டுவார். "வெளிச்சம் போதலன்னா இலை வெளிறி நீண்டுரும் தம்பி. பாக்க வளந்த மாதிரி இருக்கும், ஆனா வளத்தி இல்ல."

என் மனைவி இறந்து, பதினாறு நாள் கழித்து நான் வேலைக்குத் திரும்பிய அன்று ஆளாளுக்கு என் கையைப் பிடித்துக்கொண்டு துக்கம் விசாரித்தார்கள். அக்கா ஒன்றும் கேட்கவில்லை. "தம்பி, அந்தத் தொட்டியக் கொஞ்சம் திருப்பி வைங்க. ஒரு பக்கமே வெயில் பட்டா சாஞ்சிரும்" என்றார்.

மறுநாளும் சொன்னார். அதன் பிறகு நானே ஒன்பது மணிக்குப் போக ஆரம்பித்தேன். வெறும் வீட்டில் உட்கார்ந்து என்ன செய்ய... ஆளுக்கு ஒரு டம்ளர் டீயோடு, பேசாமல் செடியைப் பார்த்துக்கொண்டிருப்போம். அப்போதெல்லாம் அந்த ஒரு மணி நேரம்தான் எனக்குத் துணை.

போன பங்குனியில் சிகிச்சைக்காக மகளிடம் போகும்போது தொட்டியை என்னிடம் கொடுத்தார். "ரிட்டயர் ஆனதுலேர்ந்து எங்க வராந்தா நிழல்லயே நிக்கு. மொதல்ல ஒரு வாரம் காலை வெயில் மட்டும் காட்டுங்க. அடுத்த வாரம் ஒரு மணி நேரம் கூட்டுங்க. பைய பழக்கணும். ஒரேயடியா மொட்டை மாடியில வச்சிராதிய, வெந்துரும்."

ஒரு வாரம் ஒழுங்காகச் செய்தேன். அப்புறம் என் மூளை வேலை செய்ய ஆரம்பித்தது. தண்டவாளத்து ஓரம் நிற்கும் கத்தாழைக்கு யார் குடை பிடிக்கிறார்கள்?

முக்கூடலில் ஒரு கல்யாணம். தொட்டியை மொட்டை மாடியில் வைத்துவிட்டு பஸ் ஏறினேன். சித்திரை வெயில். பொழுது சாய வந்து பார்த்தால், நாலு இலையில் இஸ்திரிப் பெட்டி பட்ட மாதிரி வெள்ளை வெள்ளையாகத் தழும்பு.

அக்கா ஞாயிறுதோறும் ஆராதனையை போனில் பார்த்து முடித்ததும் மெசேஜ் போடுவார். செடி எப்படி இருக்கிறது என்று கேட்பார். செடி வந்த அன்று நான் ஏழெட்டு போட்டோ எடுத்திருந்தேன். அதில் ஒவ்வொன்றாக அனுப்பினேன். மூன்று ஞாயிறு அப்படியே ஓடியது.

நாலாவது ஞாயிறு போனே செய்துவிட்டார். குரல் ரொம்ப மெலிந்திருந்தது.

"தம்பி, ஒங்க வீட்டுல காலண்டர் தாளே கிழிக்கதில்லையா?"

எல்லா போட்டோவிலும் செடிக்குப் பின்னால் சுவரில் தினசரி காலண்டர். எல்லாவற்றிலும் ஒரே தேதி. என் புத்தியை எதால் அடிப்பது!

அக்காவே பேசினார்.

"கருகிருச்சுன்னாலும் ஒண்ணுமில்ல தம்பி. இன்னைக்கு எடுத்தத அனுப்புங்க. இங்கன ஜன்னலத் தெறந்தா எதிர்வீட்டுச் சுவருதான் தெரியுது..."

"அனுப்புதேன்க்கா" என்றேன்.

அனுப்பவில்லை. வெட்கமாக இருந்தது. நடுவில் ஒரு புது இலை கூம்பாக நின்றது. அது விரியட்டும், நல்லதாக ஒரு படம் எடுத்து அனுப்பலாம் என்று இருந்துவிட்டேன்.

அடுத்த ஞாயிறு அக்காவிடமிருந்து மெசேஜ் வரவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்... அதற்குள் இப்படி.

மகன் சென்னையிலிருந்து மாதம் ஒருமுறை பேசுவான், அவனைக் குறை சொல்லவில்லை. ஆனால் வாரா வாரம் என்னை ஒன்று கேட்க ஒருவர் இருந்தார், இனி இல்லை. தனியாக இருக்கிறேன் என்பது இன்றைக்குத்தான் உறைக்கிறது.

கீழே ஒரு போட்டோ போட்டிருக்கிறேன். மாடிப்படியில், ஏழரை மணி வெயிலில். நாலு இலையிலும் தழும்பு அப்படியே இருக்கிறது. புது இலை பாதிதான் விரிந்திருக்கிறது.

போய் வாருங்கள் அக்கா. இது இன்றைக்கு எடுத்தது.