முப்பத்தொன்றாம் எண் கையுறை

வளைந்த ஊசி பழைய தோல்வாரின் முடிச்சுக்குள் நுழைந்து அதைத் தளர்த்தியது. வலது கை வாரை மெல்ல இழுத்தது. இடது கை பேஸ்பால் கையுறையின் விரல்கள் மடங்காமல் தாங்கிக்கொண்டது. காய்ந்த வாரை வெடுக்கென்று இழுத்தால் துளையின் விளிம்பும் சேர்ந்து கிழியும். அதனால் அந்தக் கைகள் அவசரப்படவில்லை. மணிக்கட்டுப் பட்டை விரிந்ததும் உட்புறத்தில் மை தெரிந்தது: 31. கைகள் நின்றுவிட்டன.

எங்கள் ஏரிக்கரை ஊரில் அந்த எண்ணைத் தெரியாதவர் கிடையாது. டால்டன் ரீஸ். பதினோரு ஆண்டுகள் எங்கள் அணிக்குப் பந்தெறிந்தவர். பிறகு ஒரு குளிர்காலத்தில், கூடுதல் சம்பளத்துக்காக வேறு நகரத்து அணிக்குப் போய்விட்டார். அந்த அணியோடு அவர் இங்கே ஆட வந்தபோதெல்லாம் மைதானமே ஊளையிட்டது. எல்லாரையும்விட உரக்க ஊளையிட்டவர் காலணி பழுது பார்க்கும் லெனார்ட் குபியாக். இப்போது கையுறையைப் பிடித்திருப்பவர் அவர்தான்.

காலையில் அதைக் கொண்டுவந்த பெண், "அப்பாவோடது. சனிக்கிழமை காலைல வேணும்" என்று மட்டும் சொல்லியிருந்தாள். அன்றைக்கு ரீஸ், அணியை விட்டுப் போய் இருபத்திரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு, எங்கள் மைதானத்தில் விருந்தாளியாக, ஆட்டத்தைத் தொடங்கிவைக்கும் முதல் பந்தை எறியப்போகிறார். ஊளையிடவென்றே லெனார்டும் டிக்கெட் வாங்கி வைத்திருந்தார்.

பக்கத்தில் முடிதிருத்தும் கடை வைத்திருக்கும் எடி எட்டிப் பார்த்தார். "யாரோடது லென்?"

"அந்த ஓடுகாலியோடது."

"அடப்பாவி! கத்தரிக்கோல் தரட்டுமா? இப்பதான் சாணை பிடிச்சேன்."

"போய் உன் வேலையப் பாரு."

எடி போன பிறகும் லெனார்ட் ஊசியைத் தொடவில்லை. அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டால் என்ன?

அவருடைய கோபம் சம்பளத்தைப் பற்றியதல்ல. ரீஸின் கடைசிக் கோடையில் லெனார்டின் மனைவி டெலோரிஸ் மருத்துவமனையில் இருந்தாள். பந்தெறிபவருக்கு ஐந்து நாளைக்கு ஒருமுறைதான் முறை வரும். ரீஸின் முறை வந்தால் அவள் நிமிர்ந்து உட்கார்ந்து ரேடியோ கேட்பாள், சூப் குடிப்பாள். மற்ற நாட்களில், "இன்னும் எத்தனை நாள் இருக்கு?" என்பாள். அடுத்த ஏப்ரலில் ஆட்டங்கள் தொடங்கின. ரீஸ் இல்லை. அவள் ரேடியோவைப் போடச் சொல்லவே இல்லை. மாதம் முடிவதற்குள் போய்விட்டாள்.

ஆனால் அந்தக் கோடையில் ஒரு மதியம் இருந்தது. எட்டு இன்னிங்ஸ் முடிந்தும் ரீஸின் பந்தை அடித்து எவனாலும் ஓட முடியவில்லை. ஒன்பதும் அப்படியே முடிந்தால் ஓர் ஆட்டக்காரனின் வாழ்நாள் சாதனை. நடக்கும்போது அதைப் பற்றி யாரும் வாய் திறக்கக்கூடாது, திறந்தால் கலைந்துவிடும் என்று ஒரு நம்பிக்கை. சக ஆட்டக்காரர்கள்கூட அவரிடம் பேசாமல் தள்ளி உட்கார்ந்திருந்தார்கள். ஒன்பதாவதிலும் இன்னும் ஒரே ஒருவனைத்தான் வெளியேற்ற வேண்டும்.

"டெல், இன்னும் ஒருத்தன்கூட அடிக்கல, பாத்தியா!" என்றார் கட்டிலருகே ரேடியோ கேட்டுக்கொண்டிருந்த லெனார்ட்.

அடுத்த பந்தே அடிபட்டது, சாதனை கலைந்தது. டெலோரிஸ் தலையணையை அவர்மேல் விட்டெறிந்து, இருமல் வரும்வரை சிரித்தாள்.

லெனார்ட் ஊசியை எடுத்தார். இரண்டு நாட்களில் ஒவ்வொரு துளையாகப் புது வாரைக் கோத்தார். தோலுக்கு எண்ணெய் தடவினார். பந்து விழுந்து விழுந்து குழிந்த இடத்தை மட்டும் தொடவில்லை. அது ரீஸின் கை செய்த வேலை.

சனிக்கிழமை காலை ரீஸே வந்தார். தலை நரைத்திருந்தது, லேசாக நொண்டினார்.

"சார், ஒண்ணு சொல்லணும்" என்றார் லெனார்ட். "ஆகஸ்ட்ல அந்த ஆட்டம். கடைசி ஆளுக்கு முன்னாடி நான் வாய் திறந்துட்டேன்."

ரீஸ் அவரையே பார்த்தார். "இந்த ஊர்ல இதை ஒத்துக்கிட்ட பதினேழாவது ஆள் நீங்க. பந்தை நான்தான் சார் நடுவுல போட்டேன்."

"இல்ல, நான்தான்."

"சரி, உங்களாலதான்" என்று ரீஸ் சிரித்தார்.

"என் பொண்டாட்டி அன்னிக்கு அப்படிச் சிரிச்சா. ஆஸ்பத்திரியில. அதுக்கு உங்களுக்கு நன்றி சொல்லணும்னு இத்தனை வருஷமா எனக்குத் தோணவே இல்ல."

ரீஸின் சிரிப்பு அடங்கியது. கையுறையின் புது வாரைத் தடவியபடி, "இன்னிக்கு ஊளை இருக்குமா?" என்றார்.

"இருக்கும். பக்கத்துக் கடைக்காரன் காலைலேர்ந்து தேன் குடிச்சுத் தொண்டையச் சரி பண்றான்."

"நீங்க?"

"நான் எழுந்து நின்னு கை தட்டுவேன். நாலு பேர் திட்டுவாங்க, திட்டட்டும்."

லெனார்ட் கையுறையை இரண்டு கைகளாலும் எடுத்து, ரீஸ் கையை நுழைக்க வாகாக விரித்து நீட்டினார்.