ஊசி கோக்கும் தூரம்

ஆம்பூரில் ஷூ கம்பெனியில் சேர்ந்த முதல் நாளே என் கழுத்தில் ஸ்டாப் வாட்சை மாட்டிவிட்டார்கள். ஒர்க் ஸ்டடி ஆள் என்று பெயர். யார் எந்த வேலையை எத்தனை வினாடியில் முடிக்கிறார்கள் என்று குறிக்க வேண்டும். மத்தியானம் கேன்டீனில் தட்டோடு போய் உட்கார்ந்தேன். எதிரே இருந்த நாலு பேரும் மளமளவென்று சாப்பிட்டு எழுந்து போய்விட்டார்கள். என்னோடு பேசினால் டார்கெட் ஏறிவிடும் என்று பயம். அன்றிலிருந்து ரிட்டயர் ஆகும்வரை ஜன்னலோர மேஜையில் தனியாகத்தான் சாப்பிட்டேன். பழகிவிட்டது என்று சொல்லிக்கொள்வேன். அது பொய்.

கடைசி இரண்டு வருஷம் என்னைச் சின்ன யூனிட்டுக்கு மாற்றினார்கள். அங்கே பெரிய ஆர்டர் கிடையாது. ஐம்பது ஜோடி, எண்பது ஜோடி என்று சின்னச் சின்ன லாட். ஷூவின் மேல்தோலைக் கையால் தைக்கும் பெண்கள் ஆறு பேர். பாயில் வட்டமாக உட்கார்ந்து, கால் வடிவ அச்சை முழங்கால்களுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு, குனிந்தபடியே தைப்பார்கள். மெழுகு நூலின் இரண்டு முனையிலும் ஊசி இருக்கும்.

அவர்களில் ஷமீம்மா நல்ல கைக்காரி. ஆனால் கழுத்து வலியால் மாதத்தில் ஐந்தாறு நாள் வரமாட்டார். இனி லீவு போட்டால் நிறுத்திவிடுவேன் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். ஷமீம்மாவின் வீட்டுக்காரர் படுத்த படுக்கை. இந்த வேலைதான் அந்த வீட்டுக்குச் சோறு.

இதைச் சரிசெய்ய நான் இறங்கினேன். அச்சை நெஞ்சு உயரத்தில் பிடித்துக்கொள்ள வெல்டிங் செய்த இரும்பு ஸ்டாண்டு, முதுகு சாய நாற்காலி, ஆளுக்கொரு லைட். நூலை இழுக்கும்போது கைகள் இரண்டு பக்கமும் நன்றாக விரியும். இடிக்கக் கூடாதே என்று நாலடிக்கு ஒன்றாக, எல்லாம் ஒரே பக்கம் பார்க்கப் போட்டேன். பெரிய சாமர்த்தியக்காரன் என்று நினைப்பு.

ஒரே வாரத்தில் ஐந்து பேருக்கு வலி குறைந்தது. ஷமீம்மா மட்டும் மூன்றாம் நாளே பாயை எடுத்து, அவர்களில் பரிமளா என்ற பெண்ணின் நாற்காலியை ஒட்டித் தரையில் விரித்துக்கொண்டார். எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. சொல்பேச்சுக் கேட்காத ஆள், இந்த மாதத்தோடு அனுப்பிவிடலாம் என்றார் மேனேஜர்.

சாயந்திரம் பாயை மடித்துக்கொண்டிருந்த ஷமீம்மாவிடம் போனேன். பரிமளாவும் பக்கத்தில் இருந்தாள். "இன்னாம்மா, நாற்காலி புடிக்கலையா?"

அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "நாற்காலி நல்லாதான் இருக்குது சார். ஊசி காது எனக்குத் தெரியல. கண்ணாடி போட்டும் தெரியல. தைக்க விரல் போதும், கோக்கத்தான் முடியல. இந்தப் பொண்ணுதான் கோத்துக் கோத்து என் மடில போடும். பக்கத்துலயே இருந்தா யாருக்கும் தெரியாது. எழுந்து எழுந்து போனா, கண்ணு தெரியாதவளுக்கு இங்க இன்னா வேலைன்னு கேப்பாங்க."

பரிமளா மெதுவாகச் சொன்னாள்: "தப்பா நெனக்காதீங்க சார். நீங்க எப்பவும் தனியாவே உக்காந்து சாப்புடுறீங்க. அதான் எங்களையும் அப்படியே உக்கார வெச்சிட்டீங்க."

வீட்டுக்குப் போகும் குடியாத்தம் பஸ்ஸில் நின்றபடியே அதை நினைத்துக்கொண்டு போனேன். கோபம் வரவில்லை. வெட்கமாக இருந்தது.

மறுநாள் நாற்காலிகளை வட்டமாகத் திருப்பினேன். இழுக்கும் கைகள் இடிக்காமல் கொஞ்சம் கோணலாக, ஆனால் கை நீட்டினால் பக்கத்து மடி எட்டும்படி டேப் வைத்து அளந்து போட்டேன். மேனேஜர் காரணம் கேட்டார். நூலும் மெழுகும் கைமாற்ற வசதி என்று எழுதிக் கொடுத்தேன். ஊசியைப் பற்றி எழுதவில்லை. ஷமீம்மா சாய்ந்து உட்கார்ந்தார். அந்த மாதம் ஒரு நாள்கூட லீவு இல்லை. பெண்களின் பேச்சுச் சத்தமும் திரும்ப வந்தது. நான் கிட்டே போனால் மட்டும் நின்றுவிடும்.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். மேஜை உயரத்தை அளப்பதற்கு முன்னால், யாருக்கு யார் பக்கத்தில் வேண்டும் என்று கேளுங்கள்.

மனைவி போய்ச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகிறது. மகன் ஓசூரில் இருக்கிறான். போன வாரம் சட்டையில் ஒரு பட்டன் அறுந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் ஊசியைப் பிடித்து, நூலை எச்சில் தொட்டுத் தொட்டு அரை மணி நேரம் பார்த்தேன். முடியவில்லை. ஊசியும் பட்டனும் மேஜைமேலேயே இருக்கின்றன. யாராவது வந்தால் கோத்துத் தரச் சொல்ல வேண்டும்.