கூடத்தில் மாட்டிய சமாதானம்

என் மகள் பெங்களூரிலிருந்து அனுப்பிய பார்சலைப் பிரித்தபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது. அவள் கல்யாணத்துக்கு நாள் நெருங்கிவிட்டது. மண்டபம், சமையல்காரர், பத்திரிகை என்று நான் ஊருக்கும் மன்னார்குடிக்கும் நாயாக அலைந்துகொண்டிருக்கிறேன். இவளோ சுவரில் மாட்டப் படம் அனுப்புகிறாள்! அதுவும் காகிதமில்லை, துணியில்லை, பளபளவென்று அலுமினியத் தகடு. அந்தக் காலத்து ஐரோப்பியச் செதுக்கோவியங்களை அப்படியே தகட்டில் அச்சடித்திருந்தார்கள். தோள்வரை தொங்கும் சுருட்டை டோப்பா வைத்த ஆண்கள், நடுவில் ஒரு மேசை, மேசைமேல் விரித்த காகிதம், ஒருவர் கையில் இறகுப் பேனா. பார்சலிலிருந்த எல்லாப் படத்திலும் இதே கதைதான்.

“எல்லாம் பழைய சமாதான உடன்படிக்கைப்பா. சண்டை போட்ட ராஜாக்களோட ஆளுங்க உட்கார்ந்து கையெழுத்துப் போடுறாங்க. நம்ம ஹால்ல இருக்கட்டுமே” என்றாள் போனில்.

யாரை நினைத்து வாங்கினாள் என்பது எனக்குப் புரியாமல் இல்லை. என் அண்ணன் அடுத்த தெருவில்தான் இருக்கிறார். சில வருஷங்களுக்கு முன் நிலத்தைப் பாகம் பிரித்தோம். கோயிலில் சீட்டுக் குலுக்கிப் போட்டதில் தண்ணீர் இறைக்கும் போர்செட் இருக்கும் பங்கு எனக்கு விழுந்தது. அன்றைக்குக் கோணிய மனசு அவருக்கு நேராகவே இல்லை. பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்தவர், அதற்குப் பிறகு என் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. எதிரே பார்த்தால் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு போய்விடுவார். எனக்கும் ரோஷம் இல்லையா? நானும் போய்விடுவேன்.

ஆனால் கல்யாணம் என்று வந்தபின் ரோஷத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? எங்கள் பக்கம் கல்யாண வீட்டு வாசலில் பந்தக்கால் ஊன்றும்போது பங்காளிகள் கை வைக்க வேண்டும். கூடப்பிறந்தவர் அடுத்த தெருவிலிருந்தும் வரவில்லையென்றால் ஊர் என்ன பேசும் என்பது ஒருபக்கம். அதைக்கூட விட்டுத்தள்ளலாம். என் மகள் அவர் தோளில் உட்கார்ந்து திருவிழா பார்த்தவள். “பெரியப்பா வருவாங்கள்லப்பா?” என்று ஒவ்வொரு போனிலும் கேட்டாள். நானும் என் மனைவியும் தாம்பூலத் தட்டோடு போய் அழைத்தோம். அண்ணிதான் தட்டை வாங்கிக்கொண்டார். அண்ணன் பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல் “பார்க்கலாம்” என்றார்.

இந்த நிலையில்தான் படங்களைக் கூடத்தில் மாட்டினேன். மறுநாளே எங்கள் ஒன்றுவிட்ட அத்தை கல்யாண வேலை எப்படிப் போகிறது என்று விசாரிக்க வந்தார். சுவரைப் பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டார்.

“ஏன்டா, உனக்குப் புத்தி கித்தி இருக்கா? கல்யாண வீட்டுல போயி பாகப்பிரிவினைப் படத்தை மாட்டியிருக்கியே!”

அவரைக் குறை சொல்ல முடியாது. எங்கள் ஊரில் ஆண்கள் மேசையைச் சுற்றி மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்க, ஒருவர் குனிந்து கையெழுத்துப் போடுகிறார் என்றால் அது சொத்துப் பிரிக்கிற இடம்தான். சமாதானம், ராஜா, ஐரோப்பா என்று நான் சொன்னது எதுவும் அத்தை காதில் ஏறவில்லை. நேராக அண்ணன் வீட்டுக்குப் போனார். சாயங்காலம் அண்ணி என் மனைவிக்கு போன் செய்து விஷயத்தைச் சொன்னார். நாங்கள் பங்கு பிரித்ததை நான் தகரத்தில் படமாக அடித்து மாட்டியிருக்கிறேனாம். அதில் ஒரு படத்தில் நடுவில் தொந்தியோடு உட்கார்ந்திருப்பவர் அண்ணனாம்!

“உங்க மாமா சாப்பிடக்கூட இல்ல, கொதிச்சுப்போய் உட்கார்ந்திருக்காங்க” என்றாராம் அண்ணி.

எனக்கு அழுகை வராத குறை. நல்லதுக்கு அனுப்பிய படம் இப்படியா வந்து விடிய வேண்டும்? காலையில் எழுந்ததும் ஸ்டூலைப் போட்டு ஏறி, முதலில் அந்தத் தொந்திக்காரர் தகட்டைக் கழற்றக் கை வைத்தேன். வாசலில் செருப்புச் சத்தம். திரும்பிப் பார்த்தால் அண்ணன்.

“கழட்டாத. அப்படியே வை” என்றார்.

உள்ளே வந்து படத்துக்கு நேராக நின்றார். ஜன்னல் வெளிச்சம் பட்டுத் தகடு கண்ணைக் கூசவைத்தது. “ஒரு எழவும் தெரியலையே” என்றார். கூடத்து மூலையில் ஃபிரிட்ஜ் ஓரமாக நின்று பார்த்தால்தான் அந்தப் படம் சரியாகத் தெரியும். நான் ஸ்டூலிலிருந்து இறங்கி, யோசிக்காமல் அவர் முழங்கையைப் பிடித்து அங்கே நகர்த்தினேன். அவர் கையை உதறவில்லை.

“இதுல எவன்டா நான்?”

“நீங்க யாரும் இல்லண்ணே. இவங்கல்லாம் வெள்ளக்காரங்க. சண்டையை முடிச்சுக்கிட்டுக் கையெழுத்துப் போடுறாங்க.”

“சண்டை எதுக்காம்?”

“எல்லாம் மண்ணுக்குத்தான்.”

அண்ணன் அந்த இறகுப் பேனாவை உற்றுப் பார்த்தார். பிறகு, “கையெழுத்துப் போட்டப்புறம் பேசிக்கிட்டானுவளா?” என்று கேட்டார்.

“தெரியலண்ணே. படத்துல அது இல்ல.”

அவர் இன்னும் கிட்டே போய்ப் பார்த்தார். தொந்திக்காரருக்குப் பின்னால் ஓர் ஒல்லி ஆசாமி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றிருந்தார். அவர்மேல் விரலை வைத்து, “இவனைப் பாரு, சீட்டு தனக்கு விழுந்துட்டாப்புல என்னா முறைப்பு! அசல் நீதான்டா இது” என்றார். சொல்லிவிட்டு அவரே சிரித்துவிட்டார். வயிறு குலுங்கச் சிரித்தார். எனக்கும் அடக்க முடியவில்லை. சமையலறையிலிருந்து ஓடி வந்த என் மனைவி, சண்டையா சிரிப்பா என்று புரியாமல் கரண்டியோடு நின்றாள்.

“பந்தக்கால் வியாழக்கிழமைதானே?” என்று அவளிடம் கேட்டார்.

“ஆமாங்க மாமா. காலையில.”

“ம்” என்றார். அவள் கொடுத்த காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பினார். வருகிறேன் என்று சொல்லவில்லை. அவர் தெரு திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அப்படியே வாசற்படியில் உட்கார்ந்தேன். நெஞ்சிலிருந்து ஒரு நெல் மூட்டையை இறக்கி வைத்தது போலிருந்தது. ஆனாலும் அந்த “ம்” போதுமா என்று வியாழக்கிழமை வரை சந்தேகம் அரித்துக்கொண்டேதான் இருந்தது.

வியாழக்கிழமை, விடிந்தும் விடியாததுமாக, மஞ்சள் குங்குமம் வைத்த மூங்கிலைச் சாய்த்து வைத்துவிட்டு வாசலில் பள்ளம் தோண்ட ஆரம்பித்தேன். முன்தினமே வந்துவிட்ட மகள் தெருவைப் பார்த்தபடி படியில் நின்றாள். நாலு குத்துகூடக் குத்தியிருக்க மாட்டேன், பின்னாலிருந்து ஒரு கை என் கையிலிருந்த கடப்பாரையைப் பிடுங்கியது.

“தள்ளுடா அந்தாண்ட. எம்பொண்ணு கல்யாணத்துக்கு நீ என்னா பள்ளம் தோண்டுற?”

மகள் “பெரியப்பா!” என்று கத்திக்கொண்டு படியிறங்கி ஓடி வந்தாள். நான் தள்ளி நின்றேன். அவ்வளவு நிம்மதியாக நான் எதற்கும் ஒதுங்கி நின்றதில்லை.