சரோஜினி டீச்சர் பார்த்த மல்யுத்தம்

மேட்டுப்பாளையத்தில் சித்தப்பாவின் காரியத்தை முடித்துக்கொண்டு பேருந்தில் திரும்பிக்கொண்டிருந்தேன். பழைய ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் சரோஜினி டீச்சரின் புகைப்படம் வந்தது. கீழே எழுதியிருந்ததை நான் படிக்கவில்லை. எங்கள் வயதில், குழுவில் ஒருவருடைய படம் மட்டும் தனியாக வந்தால் படிக்க வேண்டியதில்லை. ஒரு சாவிலிருந்து இன்னொரு சாவுக்குப் போகிற களைப்பில் அழுகைகூட வரவில்லை. கணபதி நிறுத்தத்தில் இறங்கி அவர் வீட்டுக்கு நடந்தேன்.

பள்ளியில் அவரை அறிந்தவர்களுக்கு அவர் கண்டிப்பான வேதியியல் ஆசிரியை. ஆய்வகத்தில் ஒரு சோதனைக் குழாய் உடைந்தாலும் அரைமணி நேரம் பேசுவார். அப்படிப்பட்டவர் டிவியில் மல்யுத்தம் விடாமல் பார்ப்பவர் என்று ஒருநாள் மதியச் சாப்பாட்டின்போது தெரியவந்தது. பனியன் கிழிய, நாற்காலியால் அடித்துக்கொள்வார்களே, அந்த மல்யுத்தம். எல்லோரும் சிரித்தோம். அதிகம் சிரித்தது நான்தான்.

“ஏனுங்க டீச்சர், யாரு ஜெயிக்கோணும்னு முன்னாடியே பேசி வெச்சுக்கறாங்களாமா. அதப் போயி பாக்கறீங்களே?”

அவர் டிபன் பாக்ஸை மூடிக்கொண்டே சொன்னார்: “நாடகத்துல செத்தவன் எந்திரிச்சு ஊட்டுக்குப் போவான்னு உங்களுக்குத் தெரியாதுங்களா சார்? அப்புறம் எதுக்குக் கண்ணத் தொடைக்கறீங்க?”

நான் தமிழாசிரியர். பள்ளி நாடகங்களில் கண்ணைத் துடைத்துக்கொள்பவன்தான்.

அடுத்த ஆண்டு அந்த மதிப்பெண் விவகாரம் வந்தது. செய்முறைத் தேர்வில் ஒரு மாணவிக்கு மதிப்பெண் திருத்தி உயர்த்தப்பட்டிருந்தது. மற்றப் பிள்ளைகளின் பெற்றோர்கள் கண்டுபிடித்துக் கேட்டார்கள். பழி டீச்சர் மேல் விழுந்தது. திருத்தியவர் தாளாளரின் மருமகன். அதை நான் பார்த்தேன். ஆய்வகத்துக்குச் சுண்ணக்கட்டி கேட்கப் போனவன், அவர் பேனாவோடு பட்டியல் மேல் குனிந்திருந்ததைக் கதவருகே நின்று பார்த்துவிட்டுத் திரும்பி வந்தேன். ஆசிரியர் கூட்டத்தில் தாளாளர், “யாராச்சும் எதாச்சும் பாத்தீங்களா?” என்று கேட்டார். என் மகள் அதே பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள். நான் என் நோட்டில் தேதி எழுதிக்கொண்டிருந்தேன். டீச்சர் யார் பெயரையும் சொல்லாமல் அன்றே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வெளியேறினார்.

இரண்டு மாதம் கழித்து, மனம் உறுத்தியதால் அவர் வீட்டுக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமை மாலை. கட்டிலில் அவர் கணவர் ரங்கசாமி சாய்ந்து உட்கார்ந்திருந்தார். இரும்பு கடையும் லேத் பட்டறையில் டர்னராக இருந்தவர். பக்கவாதம் வந்து பேச்சு போய்விட்டது. இருவரும் மல்யுத்தம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டீச்சர் அவருக்கு, அவர்கள் வீட்டு மொழியான தெலுங்கில் வர்ணனை சொல்லிக்கொண்டிருந்தார். அவர்களோடு நானும் உட்கார்ந்தேன். பிறகு வாரா வாரம் போகத் தொடங்கினேன்.

அங்கேதான் எனக்கு அந்த ஆட்டம் கொஞ்சம் பிடிபட்டது. ஒருவன் கயிற்றின் மேலேறிக் குதித்தபோது டீச்சர் சொன்னார்: “கீழ கெடக்கறவனப் பாருங்க சார். அவன் சரியா வாங்குனாத்தான் குதிக்கறவன் கால் ஒடையாது. சண்டக்காரனுங்க ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தரு காப்பாத்திக்கறாங்க. வெளிய எங்கீங்க அப்படி?”

இன்னொரு நாள், நடுவர் திரும்பி நின்ற நேரத்தில் ஒருவன் எதிராளியின் கண்ணில் எதையோ தூவினான். அரங்கமே எழுந்து நின்று நடுவரைப் பார்த்துக் கத்தியது. டீச்சர் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: “இதுக்குத்தானுங்க நான் பாக்கறது. தப்பு நடக்குது, நடுவருக்குத் தெரியல. ஆனா பாத்தவங்க அத்தன பேரும் கத்தறாங்க. அடி வாங்கறவனுக்கு அது போதுமுங்க. தோத்தாலும் போதும்.”

 அதற்குப் பிறகும் நான் வாயைத் திறக்க ஆறு வருடமானது. மகளுக்குக் கல்யாணமாகி, நான் ஓய்வு பெற்ற பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, விளம்பர இடைவேளையில் சொன்னேன்.

“டீச்சர், அந்த மார்க்க யாரு திருத்துனாங்கன்னு நான் பாத்தனுங்க.”

“தெரியுங்க சார். நீங்க கதவுகிட்ட நின்னுட்டுத் திரும்பிப் போனத வராந்தாவுலிருந்து பாத்துட்டுத்தான் லேபுக்கு வந்தேன்.”

“அப்புறம் ஏனுங்க கூட்டத்துல எம்பேரச் சொல்லல?”

“உங்க புள்ள படிச்சிட்டிருந்தாளே” என்றார். பிறகு ஆட்டம் தொடங்கிவிட்டது. டிவியின் சத்தத்தைக் கூட்டி வைத்தார். 

புகைப்படம் வந்த அன்று அவர் வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். பக்கத்தில் எங்கள் பள்ளியின் பழைய ஆசிரியர்கள் இருவர். ஒருவர் மெதுவாகச் சொன்னார்: “நல்ல டீச்சர்தான். அந்த மார்க் சமாச்சாரம் மட்டும் இல்லாம இருந்திருந்தா...”

நான் எழுந்து நின்றேன். முழங்கால் வலித்தது. “அத அவங்க பண்ணலீங்க. தாளாளர் மருமகன்தான் பண்ணாரு. நான் என் கண்ணால பாத்தேன். பயத்துல சொல்லாம உட்டுட்டேன்” என்றேன். நினைத்ததைவிடச் சத்தமாகவே வந்துவிட்டது.  உள்ளே கட்டிலிலிருந்த ரங்கசாமி தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார்.

“இப்ப எதுக்குங்க சார் அதெல்லாம்” என்றார் அந்த ஆசிரியர். சற்று நேரத்தில் அமரர் ஊர்தி வந்தது. எல்லோரும் எழுந்துகொண்டார்கள்.

அங்கே வராதவர்களுக்காக அதையே இங்கே எழுதிவைக்கிறேன். சரோஜினி டீச்சர் எந்த மதிப்பெண்ணையும் திருத்தவில்லை. இதை எழுதுவதால் மனம் லேசாகிவிட்டது என்று சொன்னால் பொய். தாமதமாகச் சொன்ன உண்மைக்கு அவ்வளவு பலம் இல்லை.

அவரிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது ஒன்றுதான். நான் அந்த வீட்டுக்கு முதன்முதலில் போன ஞாயிற்றுக்கிழமையே அவருக்கு எல்லாம் தெரியும். தெரிந்துதான் கதவைத் திறந்தார். “வாங்க சார், இப்பத்தான் ஆரம்பிச்சுது” என்றார்.