ஆரோக்கியராஜ் வாசித்த பாட்டு

மாரண்டஹள்ளிப் பக்கம் ஒரு நாற்றுப் பண்ணையில் கூலிக்குப் போய்க்கொண்டிருந்த நிர்மலாதேவி, பனிக்காலத் தொடக்கத்தில் ஒருநாள், ஊதாப் பூ பூத்த சின்னச் செடியைக் கறுப்புப் பையோடு வீட்டுக்கு எடுத்துவந்தாள். அதற்கும் வயோலா என்றுதான் பெயராம். வயலினைவிடச் சற்றுப் பெரிய தன் வாத்தியத்தின் பெயரை ஒரு பூச்செடிக்கு வைத்திருப்பது கணவன் ஆரோக்கியராஜுக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. அவள்தான் பண்ணைப் பெண்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

இருபத்திரண்டு வருடமாக அவர் மாதா கோயில் பாடற்குழுவில் இருக்கிறார். வயலின் வாசிக்கும் மாதவராஜ் மெட்டை எடுத்துப் போவார். இவருடைய வயோலா அதற்கு அடியில் துணையாகப் போகும். இருந்தாலும் வீட்டில் அவர்தான் வித்துவான்.

நோயில் படுக்கையில் விழுந்த பிறகு நிர்மலா ஒன்றுதான் கேட்டாள். தன் குழியில் மண் போடும்போது, தனக்குப் பிடித்த மாதா பாட்டை அவர் வாசிக்க வேண்டும்.

அடக்கத்தன்று மாதவராஜால் பெங்களூரிலிருந்து வந்துசேர முடியவில்லை. ஆரோக்கியராஜ் தானே வாசிப்பதாகச் சொல்லிக் குழியருகே நின்றார். பண்ணைப் பெண்கள் பாட வாயெடுத்தார்கள். மெட்டு பிடிபடவில்லை. வயோலா ஒரே சுரத்தில் நின்றது, கொஞ்சம் இறங்கியது, மறுபடி நின்றது. பாட்டைத் தொடங்கிய ஒருத்தி பாதியில் நிறுத்தினாள். அவர் விரல்களுக்குத் தெரிந்ததெல்லாம் துணைப் பங்கு மட்டும்தான்.

"நீங்க விடுங்கண்ணா, நாங்களே பாடிக்கிறோம்" என்றாள் கண்ணம்மாள், நிர்மலாவோடு நாற்று எடுத்தவள். வாத்தியம் இல்லாமலே பாடி முடித்தார்கள்.

வயோலா வில்லைக் கையில் பிடித்தபடி நின்றபோதுதான் அவருக்கு அது ஞாபகம் வந்தது. அவர் வீட்டில் பழகிக்கொண்டிருந்த ஒருநாள், "ஏங்க, இதுல அந்தப் பாட்டே இல்லீங்களே" என்று நிர்மலா கேட்டிருந்தாள். களை பிடுங்குகிறவளுக்குச் சங்கீதம் எங்கே புரியப்போகிறது என்று மகள் எதிரிலேயே அவர் கேலி செய்தார். அதோடு அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. தன் காதில்தான் கோளாறு என்று கடைசிவரை நம்பியிருக்கிறாள். நம்பியதால்தான் மண் போடும்போது அவரையே வாசிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறாள்.

மூன்றாம் நாள் காலை வந்தவர்களெல்லாம் போன பிறகு அவர் வயோலாவை எடுத்துக்கொண்டு மகள் யுவராணி எதிரில் உட்கார்ந்தார்.

"அந்தப் பாட்டக் கொஞ்சம் மெதுவாப் பாடும்மா. ஒவ்வொரு வரியா."

"எதுக்குப்பா இப்ப?"

"எனக்கு அது தெரியாது."

அவள் அவர் முகத்தைப் பார்க்காமல் முதல் வரியைப் பாடினாள். அவர் விரல் தப்பான இடத்தில் விழுந்தது. அவள் அதே வரியை மறுபடியும் பாடினாள்.