எலுமிச்சம்பழத்தில் நின்ற கார்

பழைய மோட்டார் கார் விற்கிறவன் பேச்சை அவன் பெண்டாட்டிகூட நம்பமாட்டாள். நம்புகிற ஒரே ஆள் அவன்தான், அதுதான் இந்தத் தொழிலின் ஆபத்து. ஆசை வண்டியைக் கைநழுவ விட்டுவிட்டு, தெருவில் எந்த ஹாரன் கேட்டாலும் திரும்பிப் பார்க்கிறவர்களே, இது உங்களுக்கு.

நாலு பழம்

பிரிக்பீல்ட்ஸ் கடைத்தெருவில் ஜவுளிக்கடை வைத்திருந்த ராமையாவுக்கு ஒரு சின்ன இங்கிலீஷ் காரை விற்றேன். "குதிரைச் சக்தி ஏராளம்" என்று நான் அளந்தது பொய்யில்லை. ஆனால் அந்த எஞ்சின் விர்ரென்று சுழன்றால்தான் குதிரைகள் எழுந்து வரும். கிளட்சை விடும் நேரத்தில் அவை தூக்கத்தில் இருக்கும். நிற்கிற வண்டியை நகர்த்துவது இழுப்பு, அதாவது எஞ்சின் மெதுவாகச் சுழலும்போதே சக்கரத்தைத் திருகித் தள்ளுகிற பலம். அது என் சொந்த வண்டியிடம் இருந்தது. பெரிய எஞ்சின் வைத்த பழைய அமெரிக்கக் கார். கறுப்பி என்று கூப்பிடுவேன்.

கோயில் வாசலில் புது வண்டிக்குப் பூஜை. நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. ராமையா, மனைவி, ஐந்து பிள்ளைகள் ஏறினார்கள். கிளட்சை விட்டார், கார் ஒரு குலுக்கல் குலுக்கி அணைந்தது. மறுபடியும் அதே. பழம் முழுசாகவே இருந்தது. மனைவி இறங்கிவிட்டார். "எலுமிச்சம்பழத்தையே நசுக்க முடியாத காரு, என் புள்ளைங்களை எப்படிய்யா கிள்ளானுக்குக் கொண்டுபோகும்?"

கூட்டம் சிரித்தது. எனக்குக் கோபம் தலைக்கேறியது. "அப்படின்னா என் வண்டியை எடுத்துக்கிட்டு இதைக் குடுத்துட்டுப் போங்க!" என்று கத்தினேன். பழங்களை, நான் வந்து ஓரமாக நிறுத்தியிருந்த கறுப்பிக்கு மாற்றி வைத்தார்கள். ஏழு பேரோடு, நாலையும் ஒரே மூச்சில் நசுக்கிக்கொண்டு போனாள். நான் பின்னால் ஓடினேன். ராமையா தலையை மட்டும் வெளியே நீட்டினார். "பேச்சு மாறக்கூடாதுண்ணே!"

ரயில் கேட்

பிறகு அந்தச் சின்னக் காரை நான்தான் ஓட்டினேன். ஒருநாள் ரயில் கேட்டில் நிற்கிறேன், பக்கத்தில் கறுப்பி. கேட் திறந்ததும் தண்டவாள மேட்டில் அலுங்காமல் ஏறிப் போய்விட்டாள். நான் எஞ்சினைக் கத்தவைத்து, கிளட்சை விட்டு, ஊர்ந்து, வெகுதூரம் போனபிறகுதான் குதிரைகள் கண்விழித்தன. அப்புறம் சிட்டாகப் பறந்து அவளைத் தாண்டினேன்.

தாண்டி என்ன? நான் ஏங்கியது வேகத்துக்கா? முதல் நகர்வில் யாரோ நெஞ்சில் உள்ளங்கை வைத்து இருக்கையில் சாய்க்கிற மாதிரி ஓர் அழுத்தம் வருமே, அதற்கு. மாட்டு வண்டி ஓட்டிப் பிழைத்தவன் நான். அடிக்காமல் எனக்காக நகர்ந்த முதல் வண்டி அவள். கடைத்தெருவில் ராமையா பக்கத்தில் வந்து நிறுத்தினார். "ஏண்ணே, உங்க குதிரைங்க ரயில் கேட்டுலயே தூங்கிருச்சா?"

பேரம்

கறுப்பியைத் திரும்ப வாங்கப் போனேன். ஆசையைக் காட்டினால் விலை ஏறும் என்று எனக்குத் தெரியாதா? வாய்க்கு வந்த குறையெல்லாம் சொன்னேன். பெட்ரோலைக் குடிப்பாள், புகை கக்குவாள், இறக்கத்தில் பிரேக் பிடிக்காது, பிள்ளைகளை ஏற்றாதீர்கள் என்றேன். ராமையா முகம் வெளுத்துப்போனது. யோசித்துச் சொல்கிறேன் என்றார்.

மறுவாரம் போனால் வாசல் காலி. காரை உடைத்து விற்றுவிட்டாராம். எஞ்சின் கிள்ளானில் ஒரு மர ஆலைக்குப் போய்விட்டதாம். "ஏன்யா எனக்கு ஒரு வார்த்தை சொல்லலை?" என்று எகிறினேன். அந்த மனுஷன் உண்மையான வருத்தத்தோடு சொன்னார்: "நீங்களே அவ்வளவு சொன்னப்புறம், அதை உங்க தலையில கட்ட எனக்கு மனசு வரலைண்ணே."

மர ஆலை

கிள்ளானுக்குப் போனேன். கொட்டகையில் எஞ்சினை மரச்சட்டத்தில் பூட்டி, ரம்பத்துக்குப் பட்டை மாட்டியிருந்தார்கள். பெரிய கட்டை ரம்பத்தில் பட்டதும் அவள் குரல் தாழ்ந்தது. அணையவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். என் வலது கால், ஆக்சிலேட்டரை மிதிப்பதுபோல, தரையை அழுத்திக்கொண்டிருந்ததை அப்புறம்தான் கவனித்தேன்.

ஆலைக்காரர் எங்கள் ஆட்களோடு பழகித் தமிழ் பேசும் சீன முதலாளி, தௌக்கே என்றுதான் கூப்பிடுவோம். வாழ்நாளில் முதல்முறையாகப் பேரம் பேசாமல், "நீங்க கேக்குறதைத் தரேன் தௌக்கே" என்றேன். அவர் என் காலைப் பார்த்தார், எஞ்சினைப் பார்த்தார். "விக்க மாட்டேன் லா. ஆனா இது யார் கைப்பிடி போட்டுச் சுத்தினாலும் லேசுல கிளம்புறதில்ல. ஞாயித்துக்கிழமை எஞ்சின் ஆளும் வரமாட்டான். நீ வந்து ஸ்டார்ட் பண்ணு."

ஊரையே பேசி மடக்குகிற நான் இப்போது ஞாயிறுதோறும், கிளம்பவே மூக்கால் அழுகிற சின்னக் காரில் கிள்ளானுக்குப் போய், சம்பளமில்லாமல் மரம் அறுத்துவிட்டு வருகிறேன்.